ஆண்டுக் கணக்கில் மறையும் மணிநேரங்கள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையக் கட்டுமானத்தை 2025 மே 14ஆம் தேதி பிரதமர் லாரன்ஸ் வோங் தொடங்கி வைத்தார். அந்த முனையம் ஆண்டுக்கு 50 மில்லியன் பயணிகளைக் கையாளும் என்றும், அதனால் சாங்கியின் மொத்தக் கொள்ளளவு 90 மில்லியனிலிருந்து 140 மில்லியனாக உயரும் என்றும் அறிவிக்கப்பட்டது. இப்போதுள்ள நான்கு முனையங்களையும் சேர்த்தால் எவ்வளவு பெரிதோ, ஏறத்தாழ அவ்வளவு பெரிய ஒரே முனையம் 2030களின் நடுப்பகுதியில் திறக்கப்படும். விமான நிலையத்துக்கு அருகே சீமெய்யில் குடியிருக்கும் எனக்கு இதில் பெருமை உண்டு. இந்தத் தீவின் பிழைப்பே வந்துபோகும் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அந்த அறிவிப்புகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரு குறை என்னை உறுத்துகிறது. சொல்லப்படும் எண்கள் அனைத்தும் ஆண்டுக் கணக்காக இருக்கின்றன. ரயிலில் இடம் கிடைக்காமல் போவதும், நடுநிசியில் உறக்கம் கலைவதும் ஒரு குறிப்பிட்ட மணிநேரத்தில் நடக்கின்றன. விமான நிலையத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு வேண்டியது மணிவாரியான கணக்கு.

முதலில் ரயிலை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 50 மில்லியன் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 137,000 பேர். இவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விமானம் மாறிச் செல்பவர்கள் என்றும், வெளியே வருவோரிலும் போவோரிலும் நான்கில் ஒருவர் ரயிலைப் பயன்படுத்துவார் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரு திசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 ரயில் பயணங்கள் வரும். அதை ரயில் ஓடும் பத்தொன்பது மணிநேரத்துக்குச் சமமாகப் பங்கிட்டால் மணிக்கு 1,200 பேர்தான். ஆறு பெட்டிகள் கொண்ட ஒரே ரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற முடியும் என்பதால், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் விமானங்கள் அப்படிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு வந்து இறங்குவதில்லை. காலையிலும் மாலையிலும் அலை அலையாக வருகின்றன. அதே வேளைகளில்தான் நாமும் வேலைக்குப் போகிறோம், வேலையிலிருந்து திரும்புகிறோம். பெரிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு ஏறும் பயணி ரயிலில் இரண்டு பேருக்கான இடத்தை எடுத்துக்கொள்கிறார். அது அவருடைய தவறு அன்று. அந்த இடத்தையும் சேர்த்துத் திட்டமிடாத கணக்கின் தவறு.

சாங்கி விமான நிலைய ரயில் நிலையம் 2002 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதலில் நகரிலிருந்து நேரடியாக ஓடிய சேவை, அடுத்த ஆண்டே தானா மேராவுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் மட்டும் போய்வரும் சேவையாக மாற்றப்பட்டது. அன்றிலிருந்து தானா மேராவில் இறங்கி மாறுவது கிழக்கு வட்டார மக்களின் பழக்கமாகிவிட்டது. அந்த நிலையத்தில் நெடுங்காலமாக விமான நிலைய ரயிலுக்கென்று நடுவில் ஒரே தண்டவாளம்தான் இருந்தது. ஒரு ரயில் பயணிகளை இறக்கி, ஏற்றி, திரும்பிப் புறப்பட்டால்தான் அடுத்தது உள்ளே வர முடியும். எத்தனை ரயில்களை வாங்கி நிறுத்தினாலும் அந்த ஒற்றைத் தண்டவாளமே சேவையின் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதை, நடைமேடையில் நின்று பார்க்கும் யாரும் புரிந்துகொள்ளலாம். இதை உணர்ந்துதான் கூடுதல் நடைமேடை ஒன்றைக் கட்டும் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது.

மேம்பாட்டுப் பணிக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை 2025 இறுதியில் நாங்கள் அறிந்தோம். ஈஸ்ட் கோஸ்ட் ஒருங்கிணைந்த பணிமனையுடன் தண்டவாளங்களை இணைப்பதற்காக நவம்பர் 29 முதல் டிசம்பர் 8 வரை பிடோக்குக்கும் தெம்பனிசுக்கும் இடையிலும், தானா மேராவுக்கும் எக்ஸ்போவுக்கும் இடையிலும் ரயில் சேவை நிறுத்தப்பட்டது. இடைவழிப் பேருந்துகள் ஓடின, வழிகாட்ட ஊழியர்கள் நின்றார்கள், முன்கூட்டியே அறிவிப்பும் வந்தது. அந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேருந்து வரிசைகளில் சுற்றுப்பயணிகளைவிட என் கண்ணில் அதிகம் பட்டவர்கள் கழுத்தில் விமான நிலைய அடையாள அட்டையை மாட்டியிருந்த ஊழியர்கள்தான். உணவுக்கடைச் சீருடையில் ஒரு பெண்மணி, ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக, ஒவ்வொரு பேருந்து வரும்போதும் கைத்தொலைபேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்குப் போகிறவர் ஒருமுறை சிரமப்பட்டு மறந்துவிடுவார். வேலைக்குப் போகிறவருக்கு அது அன்றாடச் சிரமம்.

விமான நிலைய விரிவாக்கம் பற்றிய பேச்சில் பயணிகளின் எண்ணிக்கை முன்னால் நிற்கிறது, பணியாளர்கள் பின்னால் தள்ளப்படுகிறார்கள். பயணி ஆண்டுக்கு ஓரிரு முறை ரயிலில் வருவார். பணியாளர் வாரத்தில் ஐந்தாறு நாள், இரு வேளையும் வருவார். என் மைத்துனர் விமானங்களில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் இருக்கிறார். விடிகாலைப் பணிமுறை வந்தால் அவர் ஐந்து மணிக்கே அங்கே இருந்தாக வேண்டும். தானா மேராவிலிருந்து ரயில் ஐந்தரை மணிவாக்கில்தான் ஓடத் தொடங்குகிறது. “மச்சான், முதல் ரயில் உள்ளே வருவதற்குள் நாங்கள் முதல் விமானத்துக்குப் பாதிப் பெட்டிகளை ஏற்றி முடித்திருப்போம்” என்று அவர் சொல்வதில் மனக்குறை இல்லை, உள்ளதைச் சொல்கிறார். புதிய முனையம் இத்தகைய வேலைகளை மேலும் பெருக்கப்போகிறது. அப்படியிருக்க, ரயில் கொள்ளளவு என்பது பெட்டிகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுமா? முதல் ரயில் எப்போது, கடைசி ரயில் எப்போது என்பதும் கொள்ளளவுதான்.

வரவிருக்கும் திட்டம் நல்ல திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை சுங்கை பிடோக்கிலிருந்து ஐந்தாம் முனையத்துக்கு நீட்டிக்கப்பட்டு, இப்போதுள்ள விமான நிலையக் கிளைப் பாதையோடு இணைக்கப்படும். அக்கிளை கிழக்கு-மேற்குப் பாதையிலிருந்து பிரிந்து தாம்சன் பாதையின் பகுதியாகிவிடும். குறுக்குத் தீவுப் பாதையும் ஐந்தாம் முனையத்துக்கு வரும். இரண்டு பாதைகள் ஒரே முனையத்தில் சந்தித்தால், விமான நிலையத்திலிருந்து மரின் பரேட், ஆர்ச்சர்ட் போன்ற இடங்களுக்குச் செல்வோர் தானா மேராவில் மாற வேண்டியிராது. கிழக்கு-மேற்குப் பாதையில் காலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் எங்களுக்கும் அது ஆறுதல்தான்.

ஆனால் கூட்டம் மறைந்துபோவதில்லை, வேறு பாதைக்கு மாறுகிறது. கிழக்கு-மேற்குப் பாதையின் ரயில்களுக்கு ஆறு பெட்டிகள். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில்களுக்கு நான்குதான். மரின் பரேட்டிலும் பேஷோரிலும் 2024 ஜூனில்தான் ரயிலைக் கண்ட மக்கள், காலை எட்டு மணிக்கு நடைமேடைக்கு வரும்போது ஏற்கெனவே பெட்டிகளாலும் பயணிகளாலும் பாதி நிறைந்த ரயில் வந்து நின்றால் என்ன நினைப்பார்கள்? ஓட்டுநர் இல்லாத ரயில்களை அடுத்தடுத்து நெருக்கமாக விட்டு இதைச் சமாளிக்க முடியும் என்பது உண்மை. அப்படியானால் எட்டு மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதை இப்போதிருந்தே மக்கள் முன் வைத்துப் பேச வேண்டும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த ஒரு தீர்மானத்துக்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். 1955 முதல் பாய லேபாரில் இயங்கிய அனைத்துலக விமான நிலையத்தை அங்கேயே விரிவுபடுத்துவது எளிதான வழியாக இருந்தது. ஆனால் சுற்றிலும் குடியிருப்புகள் வளர்ந்துகொண்டிருந்தன. 1975இல் சாங்கிக்கு மாறும் முடிவு எடுக்கப்பட்டது. கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் ஓடுபாதைகள் அமைந்ததால், விமானங்கள் பெரும்பாலும் நீர்ப்பரப்பின் மேலாகவே இறங்கவும் ஏறவும் முடிந்தது. பாஸ்டன் நகர விமான நிலையத்தில் சத்தம் கடல் பக்கம் போவதை அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ கண்டது அந்த முடிவுக்குத் துணைசெய்தது. 1981 ஜூலையில் சாங்கி திறக்கப்பட்டது. பாய லேபார் ஆகாயப்படைத் தளமாயிற்று.

கடலோரத்தில் இருந்தாலும் சத்தம் இல்லாமல் இல்லை, அது பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுகிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கே கடல் பக்கமிருந்து இறங்கி வடக்கு நோக்கிக் கிளம்புகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின்போது இது தலைகீழாகிறது. அந்த மாதங்களில் சாங்கி கடற்கரையில் பாய் விரித்து அமர்ந்திருந்தால், சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானத்தின் அடிவயிறு தலைக்கு மேலே தெரியும். பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகவே நிறுத்தி, அது கடந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அப்போது கேட்பதில் இயந்திரத்தின் ஒலி ஒரு பங்குதான். நீட்டிய சக்கரங்களிலும் இறக்கை மடிப்புகளிலும் காற்று மோதும் இரைச்சலும் அதில் சேர்ந்திருக்கிறது. இயந்திரங்கள் எவ்வளவு அமைதியானாலும் இந்த இரைச்சல் அவ்வளவு எளிதில் குறையாது.

சத்தத்தை அளக்கும் முறையிலும் ஆண்டுக் கணக்கின் அதே குறை இருக்கிறது. 2024இல் சாங்கியில் ஏறத்தாழ 366,000 முறை விமானங்கள் இறங்கின அல்லது கிளம்பின, நாளொன்றுக்கு ஆயிரம். இந்த எண்ணிக்கை இருமடங்கானால், விமானங்கள் அதே வகையாக இருக்கும்பட்சத்தில், சராசரிச் சத்தம் வெறும் 3 டெசிபல்தான் கூடும். அந்த வேறுபாட்டை மனிதக் காது அரிதாகவே உணரும். புதிய விமானங்கள் சற்று அமைதியானவை என்பதால் சராசரி உயராமலே போகலாம். ஆனால் இரவில் பத்து முறை விழித்தவர் இருபது முறை விழிப்பார் என்பதை அந்தச் சராசரி சொல்வதே இல்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் அமரும் முதியவர் ஒருவர் இதை எந்த அளவீட்டுக் கருவியும் இல்லாமல் சொன்னார்: “தம்பி, பகல் சத்தம் பழகிப்போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு வந்து எழுப்பிட்டா, அப்புறம் விடியுற வரைக்கும் முழிச்சுத்தான் கிடக்கணும்.” உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட பரிந்துரை, இரவில் விமானச் சத்தம் சராசரியாக 40 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. இரவுக்குத் தனி அளவுகோல் வைத்திருப்பதே அதில் நான் மதிக்கும் அம்சம்.

மற்ற நாடுகளில் விமான நிலையங்கள் அருகிலுள்ள வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடிச் சாளரம் பொருத்தித் தருவதுண்டு. குளிர்நாட்டில் அது பொருந்தும். நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகள் சாளரத்தைத் திறந்து வைத்துக் காற்றாட வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. சாளரத்தை அடைத்தால் குளிரூட்டியைப் போட வேண்டும்; அதற்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்ட வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் சேமிப்பில் காலம் தள்ளும் முதியவரிடம் சாளரத்தைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது தீர்வாகாது. ஆகவே இங்கே சத்தத்தை அதன் மூலத்திலும், பறக்கும் பாதையிலும், நேரத்திலும்தான் குறைத்தாக வேண்டும்.

மூன்றாவது ஓடுபாதை இதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது என்பது என் கருத்து. இதுவரை ஆகாயப்படை பயன்படுத்தி வந்த அது, 2.75 கிலோமீட்டரிலிருந்து 4 கிலோமீட்டராக நீட்டப்பட்டுப் பயணிகள் விமானங்களுக்கும் உரியதாகிறது. மூன்றிலும் அதுவே கிழக்கோரத்தில், எங்கள் வீடுகளிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோவில் இறங்கும் விமானங்களுக்கான ஓடுபாதையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றுகிறார்கள். எந்த வேளையில் தங்கள் தலைக்கு மேல் ஓய்வு கிடைக்கும் என்பது அங்குள்ள மக்களுக்கு முன்பே தெரியும். சாங்கியில் நள்ளிரவு முதல் விடிகாலை ஐந்து மணி வரை இயன்றவரை கிழக்கோர ஓடுபாதையைப் பயன்படுத்தலாமே. பழைய முனையங்களுக்குச் செல்லும் விமானங்கள் தரையில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும், எரிபொருளும் செலவாகும். இருந்தும் இது பரிசீலிக்கத் தக்கது.

பாய லேபார் ஆகாயப்படைத் தளம் 2030களில் இடம்பெயரத் தொடங்கும். அந்நிலத்திலும் அதைச் சுற்றியும் 150,000 வீடுகள் கட்ட முடியும் என்று அரசாங்கம் கூறியுள்ளது. அங்கு வாழ்பவர்களுக்கு நிம்மதி. அதன் பணிகளில் ஒரு பகுதியைச் சாங்கியும் ஏற்கும் என்பதால், போர்விமானங்களையும் பயணிகள் விமானங்களையும் தனித்தனியே கணக்கிடாமல், ஒரு வீட்டின் சாளரத்தில் கேட்கும் அனைத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் ரயிலும் உண்டு. சீமெய்யில் பாதை மேம்பாலத்தின் மேல் ஓடுகிறது. ரயில்களை நெருக்கமாக விட்டால் பாதையோர வீடுகளில் சத்தமும் கூடும். மேம்பாலங்களில் பொருத்தப்படும் தடுப்புகள் 5 முதல் 10 டெசிபல் வரை குறைப்பதாகச் சொல்லப்படுகிறது. எனவே ரயில்களைக் கூட்டும் திட்டத்தோடு தடுப்புகளையும் சேர்த்தே அறிவிப்பது முறை.

உடனடியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விமான நிலையக் கிளைப் பாதை தாம்சன் பாதையோடு சேரும்போது சமிக்ஞை முறை மாற வேண்டும். தாம்சன் ரயில் பெட்டிக்குப் பக்கத்துக்கு ஐந்து கதவுகள், இப்போது ஓடும் ரயில் பெட்டிக்கு நான்கு. ஆகவே நடைமேடைத் தடுப்புக் கதவுகளையும் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். இத்தனை வேலையும் சேவையை நிறுத்தாமல் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடைக்காலத்தில் ஓடும் பேருந்துகள் ரயிலின் நேரத்தை அப்படியே பின்பற்றாமல், விடிகாலை நான்கு மணியிலிருந்தே பணியாளர்களை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுகிறேன். சீமெய், தானா மேரா, தெம்பனிஸ் பகுதிகளிலிருந்து விமான நிலைய வேலைக்குச் செல்பவர்கள், தங்கள் பணி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மட்டும் எனக்கு எழுதி அனுப்பினால், அவற்றை மணிவாரியாகத் தொகுத்து அக்கடிதத்தோடு இணைத்து அனுப்புவேன், பெயர் தேவையில்லை.