பெரியம்மாவின் விரல்

போன வைகாசியில், எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு தொடங்கிய மூன்றாம் நாள் மகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. அப்போது அவளுக்கு ஒன்பது மாதம். விடியற்காலையில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். மதியத்துக்குள் ஆறு தரம் தண்ணீராகப் போனாள். மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற எங்கள் ஆரையம்பதியில் அந்த நாட்களில் கச்சான் காற்று வீசும். மணலில் பட்ட வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும். பெரியவர்களுக்கே நா வறளும்.

நான் துணி மாற்றுவதும் எத்தனை தரம் போனாள் என்று எண்ணுவதுமாக இருந்தேன். சடங்குக்காக வந்து எங்களுடன் தங்கியிருந்த பெரியம்மா ஏணைக்குள் குனிந்து பார்த்தார். உச்சியில் விரலை வைத்தார்.

"உச்சி பதிஞ்சு கிடக்கு புள்ள. கண்ணும் உள்ளுக்குப் போயிற்று. அழுறாள், கண்ணீரக் காணல்லயே."

இந்த மூன்றையும் காலையிலிருந்து அவளைத் தூக்கிவைத்திருந்த நான் பார்க்கவில்லை.

அடுத்து என்ன செய்வது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. பதிந்த உச்சிக்கு எண்ணெயில் நனைத்த துணி போட வேண்டும் என்றார் பெரியம்மா. "பால் குடுத்தா இன்னும் போகும் மகள், வயிறு ஆறட்டும்" என்றார் அம்மா. நான் எங்கள் பகுதி மருத்துவமாதுக்குக் கோல் எடுத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி, பாலை நிப்பாட்டாதீங்க. உடனே ஜீவனி கரைச்சுக் குடுங்க. சோர்ந்து போய்க் குடிக்காம விட்டா வீட்டில வச்சிருக்காதீங்க." ஜீவனி என்றால் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சீனித் தூள் (ORS).

உச்சி என்பது பிள்ளையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் பொருந்தாமல் இருக்கிற இடம். உடம்பில் நீர் வற்றினால் அந்த மெல்லிய இடம் கீழே இறங்கும். அதை மேலிருந்து எண்ணெய் போட்டு நிமிர்த்த முடியாது. உள்ளே நீரும் உப்பும் போனால் அது தானாக ஏறும். பெரியம்மா கண்டது சரியான அடையாளம். மருந்துதான் வேறு இடத்தில் இருந்தது.

ஜீவனிப் பக்கட்டைக் கொதித்தாறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பக்கட்டில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை. "கொஞ்சம் கட்டியாகக் கரைத்தால் சத்து" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இல்லை. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தரம் போனதற்கும் 50 முதல் 100 மில்லிலீற்றர் கணக்கு. போத்தலில் ஊற்றி ஒரேயடியாகக் கொடுத்தால் சத்தியாக வந்துவிடும். தேக்கரண்டியால், ஒரு நிமிடத்துக்கு ஒன்றாக. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. கை வலிக்கும், பொறுமை போகும். ஆனாலும் வயிற்றோட்டத்துக்கு வீட்டில் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்குப் பதிலாகாது. வயிற்றோட்டத்தை "நிப்பாட்டுற" மருந்தைக் கைக்குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கிருமியும் உள்ளே தங்கலாம், குடலும் அசையாமல் போகலாம்.

பின்னேரம் நான்கு மணிவரைக்கும் குடித்தாள். மறுகா கரண்டியை வாயில் வைத்தால் நாக்கை அசைக்கவில்லை. ஏழு மணித்தியாலமாகச் சிறுநீரும் இல்லை. என் கணவர் ஓட்டோவை எடுத்தார். காத்தான்குடிச் சந்தடியைத் தாண்டிக் கல்லடிப் பாலம் ஏறும்போது என் கை அவள் உச்சியில்தான் இருந்தது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பிள்ளை வாட்டில் டொக்டர் முதலில் செய்தது என்ன தெரியுமா? உச்சியில் விரல் வைத்தார். கண்ணைப் பார்த்தார். அழும்போது கண்ணீர் வருகிறதா என்று கேட்டார். அப்புறம் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார். அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போனது. இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால் நீர் நன்றாக வற்றிவிட்டது என்று அர்த்தம். இரவு சேலைன் ஏறியது. இரண்டாம் நாள் வீடு வந்தோம், 14 நாளைக்குச் சிங்க் மருந்துடன். சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி அன்று அவளைத் தூக்கிக்கொண்டு கோயில் வீதியில் நின்றேன். அம்மா வைத்த நேர்த்தியை நிறைவேற்றினோம், அதையும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து பெரியம்மா எதையாவது "பார்த்தேன்" என்று சொன்னால் நான் உடனே எழும்பிப் போகிறேன். எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கைகள் அவை! அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. பார்வையை அவரிடம் எடுத்துக்கொள்கிறேன், மருந்தை மருத்துவமாதிடமும் டொக்டரிடமும் கேட்கிறேன்.

பிறந்த பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் வந்துவிட்டதா என்று பெரியம்மா பார்ப்பார். சரியான பார்வை. அதற்கு அவர் சொல்லும் காலை வெயில் மருந்தாகாது, டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் வந்தாலும், மலம் வெள்ளையாகப் போனாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தடிமனுக்கு மூக்கில் எண்ணெய் விடுவதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். அது நுரையீரலுக்குள் போனால் பெரிய சிக்கல். சேலைன் சொட்டு விடுகிறோம். ஒரு வயதுவரை தேனும் இல்லை.

காய்ச்சலில் நான் கண்டிப்பு. மூன்று மாதத்துக்குள் 38 பாகை வந்தால் நேரே ஆஸ்பத்திரி. அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றால் பரசிற்றமோல், வயதுக்கல்ல, நிறைக்கு. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியால இடைவெளி. எங்கள் வீட்டுப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், அதனால் எட்டுக் கிலோ மகளுக்கு 5 மில்லிலீற்றர். உங்கள் போத்தலை வாசித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். மாரி மழை விட்டபின் வருகிற காய்ச்சலுக்கு இபுபுரோஃபன் வேண்டவே வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியலாம். அதோடு, டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். "சுகம் வந்திட்டு" என்று அசந்துவிடாதீர்கள்.

இருமல் வந்தால் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்ப்பது பெரியம்மாவின் வழக்கம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்ப்பார். அதற்கு நான் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன்: மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ காட்ட வேண்டும். குழியும் விழுந்தால் யோசிக்கவே கூடாது. வாகனம் இல்லாவிட்டால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறார்.

போன கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பெரியம்மா கோல் எடுத்தார். அவருடைய பேரனுக்கு ஐந்து மாதம், இரண்டு நாளாக இருமல்.

"அம்பத்தெட்டு எண்ணினன் புள்ள. ரெண்டாம் தரமும் எண்ணினன், அம்பத்தெட்டுத்தான். ஓட்டோவுக்குச் சொல்லிட்டன். நீ மறிக்காத."