புகையில் விழுந்து எழும் கொசு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கொசுப்புகை அடித்த மறுநாளே ஒரு பேச்சு கிளம்பும்: "மருந்தக் குறைச்சிட்டு வெறும் டீசல அடிக்கிறானுங்க." எப்போதாவது அது உண்மையாகவும் இருக்கலாம். கதவு, சன்னலைச் சாத்திய வீட்டுக்குள் புகை போகாது என்பதும் உண்மை. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு உட்கார்ந்திருப்பதோ அலமாரிக்குப் பின்னால், தொங்கும் துணியில். ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தும் கொசு பிழைக்கிறது என்றால் கொசுவை மருந்துத்தாள் உள்ள குழாயில் அடைத்துப் பார்க்கும் குழாய்ச் சோதனைதான் பதில் சொல்லும்.

முட்டைப்பொறி வைத்து முட்டை எடுத்து வளர்த்த, 3 முதல் 5 நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் வேண்டும். வீட்டில் பிடித்ததை நேரே போடக் கூடாது. வயது ஏறிய கொசு சுலபமாகச் செத்துக் கணக்கைக் கெடுக்கும். குழாய்க்கு 20 முதல் 25 வரை. மருந்துத்தாள் உள்ளவை நான்கு, மருந்தில்லாதவை இரண்டு. ஒரு மணி நேரம் தாளோடு. பிறகு சுத்தமான குழாயில், சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சோடு 24 மணி நேரம். 98 விழுக்காடும் மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. மருந்தில்லாத குழாயில் 20 விழுக்காட்டைத் தாண்டிச் செத்தால் மொத்தத்தையும் தள்ளிவிட வேண்டியதுதான். காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும்: அறை வெக்கை, உறிஞ்சுகுழாயை முரட்டுத்தனமாக ஊதியது, பக்கத்து அறையில் யாரோ ஏற்றிய கொசுவத்தி. மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு வந்து, காலையில் எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது.

புதியவர்கள் சறுக்குவது எண்ணும்போது. ஒரு மணி நேரத்தில் மல்லாந்து கிடப்பதைச் சாவு என்று குறித்துவிடுகிறார்கள். 24 மணி நேரம் கழித்துப் பறக்க முடிந்தால், காலில் பாதி உதிர்ந்திருந்தாலும் அது உயிருள்ள கொசு.

இந்த விழுவதிலும் எழுவதிலும்தான் செய்தி இருக்கிறது. விழுந்து எழுந்தால் உள்ளே நொதிகள் மருந்தை உடைக்கின்றன என்று சந்தேகிக்கலாம்: பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையைப் பெரும்பாலும் பி450 நொதிகள், அபேட் மணலில் உள்ள டெமிபாஸ் போன்றவற்றை எஸ்டரேஸ் நொதிகள். விழவே இல்லையென்றால் கோளாறு நரம்பில் இருக்கலாம். நரம்புக்குள் சோடியம் புகும் வாயிலை மூடவிடாமல் பிடித்து வைப்பதுதான் பைரித்ராய்டின் வேலை. அந்த வாயிலின் 1016ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் கிளைசின் வந்தால் பிடி நழுவுகிறது. மரபணுவில் ஜிடிஏ, ஜிஜிஏ ஆனது, ஒரே எழுத்து. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுப் பலம். 1534ஆம் இடத்து மாற்றம் வேறு: பெர்மெத்ரினைத் தாங்கும், டெல்டாமெத்ரினை அவ்வளவாகத் தாங்காது. 1016 இரண்டையும் தாங்கும். மலேசிய ஏடிஸ் கொசுவில் இரண்டும் உண்டு. ஆகவே பெர்மெத்ரினை விட்டு டெல்டாமெத்ரினுக்குப் போய், 'மருந்து மாற்றப்பட்டது' என்று அறிக்கை எழுதுவது காகித வேலை.

சந்தேகத்தைத் தீர்க்க, 4 விழுக்காடு பிபிஓ (பைப்பரோனில் பியூட்டாக்சைடு) தாளில் கொசுவை முதலில் ஒரு மணி நேரம் வைக்கிறோம். பிபிஓ பி450ஐ அடக்கும். அதன்பின் சாவு 98ஐத் தொட்டால் நொதிதான் காரணம். கொஞ்சம் மட்டும் ஏறினால் வேறு வழியும் இருக்கிறது. சோடியம் வாயிலின் மாற்றத்தை மரபணுச் சோதனையில் பார்க்க வேண்டும்.

மாலத்தியான் என்ற மருந்து தாக்கும் இடம் வேறு, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நரம்பு நொதி. கியூலெக்ஸ் கொசு அந்த நொதியை ஓர் எழுத்து மாற்றத்தில் காத்துக்கொள்கிறது. ஏடிஸ் எஜிப்திக்கு அதே மாற்றத்துக்கு இரண்டு எழுத்து மாற வேண்டும், அதனால் அது அரிது. மாலத்தியானின் நாற்றத்தைக் குறை சொல்வார்கள், ஆனால் மாற்று என்று சொல்ல அதற்குத்தான் தகுதி.

வீட்டுக்கு வீடு ஏற்றும் கொசுவத்தியும் அடிக்கும் ஸ்பிரேயும் பெரும்பாலும் பைரித்ராய்டு. கொசுப்புகை வண்டி வராத நாளிலும், தாங்கும் கொசுவை மட்டும் மிச்சம் வைக்கும் தேர்வு நடந்துகொண்டேதான் இருக்கிறது. அபேட் மணலும் அப்படித்தான்: 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். தோட்டத்து லயத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுத் தினமும் மொண்டு, மறுபடி நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீரில் பலவீனமான புழு சாகும், எஸ்டரேஸ் அதிகமுள்ளது கூட்டுப்புழுவாகும்.