பேரூர்க் கல்தூணும் தொண்டாமுத்தூர்த் திராட்சைப் பந்தலும்

பேரூரிலிருந்து தொண்டாமுத்தூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் வாக்கில்தான். தூரம் குறைவு என்பதால் பலரும் பதினோரு மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்புகிறார்கள். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, சாமி கும்பிட்டு நிமிர்வதற்குள் நடை சாத்தும் நேரம் வந்துவிடுகிறது. ஒரு மணி வாக்கில் சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கோவைக்கு மேற்கே நொய்யல் கரையைப் பார்க்க வருகிறவர்கள் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தையும் மாதத்தையும் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் பேரூரில் இருங்கள். காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் டவுன் பஸ் உண்டு. அமாவாசையையும் ஆடிப் பதினெட்டையும் தவிர்த்துவிடுங்கள். அன்றெல்லாம் நொய்யல் படித்துறையில் திதி கொடுக்க வரும் கூட்டத்தில் சிற்பத்தை நின்று பார்க்க முடியாது.

பட்டீசுவரரையும் பச்சைநாயகி அம்மனையும் கும்பிட்ட பிறகு நடராசர் சன்னதி முன்னால் உள்ள கனகசபைக்கு வாருங்கள். மேலைச் சிதம்பரம் என்று இந்தத் தலத்தைச் சொல்வது இந்த நடராசரை வைத்துத்தான். கனகசபை 17-ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில், அளகாத்ரி நாயக்கர் கட்டியது. அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெரும்பாலோர் நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எட்டுப் பெரிய தூண்களில் ஆளுயரத்துக்கும் மேலான உருவங்கள். முதலில் ஊர்த்துவ தாண்டவரையும் ஆலங்காட்டுக் காளியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கதை. ஆட்டப்போட்டியில் விழுந்த குழையை சிவன் கால்விரலால் எடுத்துக் காதில் மாட்டியதாகச் சொல்வார்கள், அந்தக் கால்தான் தலைக்கு மேலே போயிருக்கிறது. கல்லில் ஒரு காலை அவ்வளவு தூக்கிவிட்டு, மொத்தப் பாரத்தையும் ஊன்றிய மற்றக் காலில் இறக்கியிருக்கிறார்கள். இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், முன்னால் நின்றால் தெரியாது.

யானை உரி போர்த்தவர் தூணில் உரித்த தோல் பின்னால் விரிந்து நிற்கும், யானையின் தலை காலடியில் இருக்கும். பிச்சாடனரை எந்தக் கோயிலிலும் காலில் உள்ள குறடும் கைப்பக்கம் தாவும் மானும் காட்டிக் கொடுத்துவிடும். வீரபத்திரர் இரண்டு தூண்களில் இருக்கிறார்: ஒருவர் அகோர வீரபத்திரர், மற்றவர் அக்னி வீரபத்திரர். ஆடும் கணபதியும் மயில்மேல் முருகனும் மீதி இரண்டு. கடைசியில் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து தொங்கும் கல்சங்கிலியில் ஒட்டு எதுவும் இல்லை, வளையத்துக்குள் வளையமாக ஒரே கல்லில் குடைந்தது. ஒரு வளையம் தெறித்தாலும் அதுவரை செய்த வேலை போச்சு.

நேராக வெளிச்சம் அடித்தால் கருங்கல் சிற்பம் தட்டையாகத்தான் தெரியும். சின்ன டார்ச்சைப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் நகம், நரம்பு, சலங்கை மணி எல்லாம் எழுந்து வரும். டார்ச், மொபைல், கேமரா எதுவானாலும் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். தூணைத் தொடவே வேண்டாம். கை எண்ணெய் படிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்துப்போகும்.

அங்கிருந்து சிறுவாணி ரோட்டில் தீத்திபாளையம், மாதம்பட்டி, குப்பனூர், தொண்டாமுத்தூர்ப் பக்கம். இங்கே விளைவது பன்னீர் திராட்சை. வைன் போடுவதற்கு இல்லை. தின்னவும் ஜூஸ் போடவும்தான். முன்பிருந்த பந்தல்கள் பல இன்றைக்குப் பாக்குத் தோப்பாகவும் மனையாகவும் ஆகிவிட்டன. ஆள் கிடைக்காததும் மழை ஏமாற்றுவதும்தான் காரணம். அதனால் ரோட்டோரம் வரிசையாகப் பந்தல் இருக்கும் என்று நினைத்து வராமல், கடைகளில் விசாரித்து இட்டேரிக்குள், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகிய வண்டிப்பாதைக்குள் போங்கள்.

எந்த மாதம் வருவது? கவாத்தை, அதாவது கொடியை வெட்டிவிடும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வெட்டிய கொடியில் புதிதாகத் துளிர்க்கும் கிளையில்தான் குலை வரும், வெட்டி நாலு மாதத்தில் பழம். மார்கழி, தையில் கவாத்து செய்தால் சித்திரை, வைகாசியில் அறுப்பு. வைகாசி, ஆனியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில். முதல் போகத்துக்கு வருவதே நல்லது. இரண்டாவது போகம் பூக்கும்போது மேற்கு மலைச்சாரல் பிடித்தால் பூ உதிர்ந்துபோகும், பழுக்கும்போது மழை பெய்தால் மெல்லிய தோல் வெடித்து அழுகும்.

தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவரிடம், "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா, மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டுவிடுங்கள். இலையில் நீலமும் வெள்ளையுமாகக் கறை தெரிந்தால் அது போர்டோ கலவை என்கிற பூஞ்சண மருந்து: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோய்க்காகப் பிறந்த மருந்து, நம்மூர்ப் பந்தல் வரைக்கும் வந்துவிட்டது.

வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு முதலில் ஏறும், இனிப்பு பின்னால்தான் வரும். பறித்த பிறகு திராட்சை பழுக்காது. குலையின் அடி நுனியில் உள்ள பழம்தான் கடைசியாகப் பழுக்கும். தோட்டத்துக்காரரைக் கேட்டு அதில் ஒன்றைத் தின்று பாருங்கள், அது இனித்தால் குலை முழுக்க இனிக்கும். காம்பு பச்சையாகவும் பழத்தின்மேல் சாம்பல் பூத்த மாதிரியும் இருக்க வேண்டும். அந்தப் பூச்சைக் கழுவாமல், ஓட்டை போட்ட கவரில் ஃபிரிட்ஜில் வைத்து, தின்னும்போது மட்டும் கழுவுங்கள். கழுவி வைத்தால் மறுநாளே காம்படியில் பூஞ்சணம் பிடிக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பையில் திணிக்காமல், அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மலையடிவாரத்து நரசீபுரம் வரை போகிறவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். இருட்டினால் மலையிலிருந்து யானை தோட்டத்துக்குள் இறங்கும், இட்டேரியில் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது.