பென்சில்வேனியாவில் 120 வீட்டு மனைக்குச் சாலை வாயில் அனுமதி வாங்குவது

டவுன்ஷிப், அதாவது உள்ளூர் ஊராட்சி, மனை வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாலும் மாநிலச் சாலையில் வாயில் வெட்ட முடியாது. அதற்கு மாநிலப் போக்குவரத்துத் துறையான பென்டாட் தரும் ‘ஹைவே ஆக்குபன்சி பெர்மிட்’ வேண்டும். சுருக்கமாக எச்ஓபி. இந்த அனுமதி தேவை என்ற குறிப்பு டவுன்ஷிப் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். விட்டுப்போனால் வரைபடம் திரும்பி வரும்.

பெரும்பாலோர் வண்டி எண்ணும் வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். எங்களைக் கேட்டால் முதல் நாளே டேப்பை எடுத்துக்கொண்டு வாயில் வரப்போகும் இடத்துக்குப் போக வேண்டும். பார்வைத் தூரம், அதாவது வாயிலில் நிற்கும் ஓட்டுநருக்குச் சாலையில் வரும் வண்டி தெரியும் தூரம், கிடைக்காவிட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண். சாலை ஓரத்திலிருந்து மனைப் பக்கம் 10 அடி உள்ளே, தரையிலிருந்து 3.5 அடி உயரத்தில் ஓட்டுநரின் கண் இருப்பதாக வைத்து இரு பக்கமும் அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தூரத்துக்கான சூத்திரம் எளிது: வேகத்தை 1.47-ஆலும் 2.5 நொடியாலும் பெருக்கி, அதோடு வேகத்தின் வர்க்கத்தை 30 × (0.30 + சரிவு) என்பதால் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும்; இறக்கம் என்றால் சரிவைக் கழிக்க வேண்டும். மணிக்கு 45 மைல் என்றால் சமதளத்தில் 390 அடி. வண்டி 5 சதவீத இறக்கத்தில் வந்தால் 435 அடி. பலகையில் 45 இருந்தும் வண்டிகள் 50-ல் பறக்கும் சாலை என்றால் சமதளத்திலேயே சுமார் 460 அடி வேண்டும். அந்த இடமும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பார்வையை மறைக்கும் மரம் பக்கத்து வீட்டு மனையில் நின்றால் எழுத்துபூர்வமான உரிமை வாங்காமல் கோடரி வைக்க முடியாது. வாயிலை 60 அடி தள்ளி வரைவது அதைவிட மலிவு, ஆனால் தெருக்கள் வரைந்து முடிவதற்குள் செய்ய வேண்டும்.

அடுத்தது பயணக் கணக்கு. போக்குவரத்துப் பொறியாளர் சங்கமான ஐடிஇ வெளியிடும் பயணக் கணக்குக் கையேட்டின் 11-ஆம் பதிப்பில் தனி வீட்டின் குறியீடு 210: ஒரு வீட்டுக்கு நாளுக்கு 9.43 பயணம், மாலை உச்ச மணியில் 0.94. ஆக 120 வீட்டுக்கு நாளுக்கு 1,132, மாலையில் 113. இந்த 113-இல் 63 சதவீதம், அதாவது 71 வண்டி உள்ளே வரும், 42 வெளியே போகும். முழுப் போக்குவரத்துத் தாக்க ஆய்வு கட்டாயமாவது நாளுக்கு 3,000 பயணத்தைத் தொட்டால், அல்லது ஏதாவது ஒரு மணியில் உள்ளே மட்டும் 100 அல்லது வெளியே மட்டும் 100 வந்தால். 113-ஐப் பார்த்துப் பயந்து ஆய்வுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டுவது பொருட்டல்ல.

இன்னொரு குழப்பம் பயணத்துக்கும் வண்டிக்கும். உள்ளே வந்து வெளியே போகும் ஒரு வண்டி இரண்டு பயணம். எனவே 1,132 பயணம் 566 வண்டிதான். நாளுக்கு 750 வண்டிக்குக் கீழே இருப்பதால் வாயில் ‘லோ வால்யூம்’ (குறைந்த போக்குவரத்து) வகையில் வரும். பயணத்தையே வண்டி என்று எழுதிவிட்டால் அது ‘மீடியம் வால்யூம்’ ஆகிவிடும், வடிவமைப்பும் பெரிதாகிவிடும்.

முழு ஆய்வு தேவையில்லை என்றாலும் அருகிலுள்ள சந்திப்பு நெரிசலாக இருந்தால் சிறிய மதிப்பீடு கேட்பார்கள். எந்தச் சந்திப்புகள், எந்த மணிகள், எந்தப் போக்குவரத்து வளர்ச்சி விகிதம் என்பதைத் துறையுடனான ஆரம்பக் கூட்டத்தில் பேசி எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் எண்ண ஆள் அனுப்ப வேண்டும். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 7–9, மாலை 4–6, கால்மணி இடைவெளியில். பள்ளி விடுமுறையில் எண்ணினால் மறுபடி எண்ணச் சொல்வார்கள்.

விண்ணப்பம் இணையவழிதான். 60 நாளுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் முடிவுதான். மறுபடி போட்டால் மறுபடி 60. அதிகமாகத் திரும்பி வருவது மழைநீர் பக்கத்தில்தான். சாலை எல்லைக்குள் வடிகால் குழாய் போட்டால் அதை நாளைக்குப் பராமரிப்பது யார் என்ற கேள்வி வரும், டவுன்ஷிப்பும் விண்ணப்பத்துக்குள் வர வேண்டியிருக்கும். சிக்னல் வைப்பதென்றாலும் அப்படியே: இங்கே சிக்னல்கள் ஊராட்சியின் சொத்து, அதனால் டிஇ-160 படிவத்தை ஊராட்சி தீர்மானம் போட்டுத்தான் தர வேண்டும். மாதம் ஒரு கூட்டம் நடத்தும் ஊரில் ஒரு கூட்டம் தவறினால் ஒரு மாதம் போச்சு.

கைக்கு வந்த அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். தோண்டுவதற்குக் குறைந்தது 3 வேலைநாள் முன்னால் நிலத்தடிக் குழாய், கம்பி இருக்கும் இடத்தைக் குறிக்கச் சொல்லும் 811 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். வாயிலில் மின்கம்பம் குறுக்கே நின்றால் அதை நகர்த்தும் நாட்களும் அந்த ஒரு வருடத்துக்குள்ளேயே கழியும். நீட்டிப்பு மனுவைக் காலாவதிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.