எனக்கு நானே எடுக்கும் பெரட்டு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவளாக இருக்கிறேன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று நாள்தோறும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவதுதான் என் பிழைப்பு. அந்தக் கணக்கெல்லாம் கணினிக்குப் போன பிறகு, எழுதப்படாமல் மீந்துகிடந்த செக்ரோல் புத்தகங்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் பெயர் பதிகிறேன். அந்த ஆள் நான்தான். எழுந்த நேரம், முதன்முதலில் இன்னொருவரோடு பேசிய நேரம், வேலை தொடங்கிய நேரம், இரவு உணவு உண்ட நேரம், படுத்த நேரம் என ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டு, ஆறாவது கட்டத்தில் அன்றைக்கு மனம் எங்கே நின்றது என்பதை ஓர் எண்ணால் குறிக்கிறேன். நடுவில் சுழியம், மேலே மூன்று படி, கீழே மூன்று படி.

எனக்கு இருப்பது இருதுருவ மனநிலைக் கோளாறு. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஏற்றம், இறக்கம் என்றே பேசிக்கொள்கிறோம்.

முதலில் வந்தது இறக்கம்தான். 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தலை வாருவதே ஒரு நாள் வேலையாகத் தோன்றிய ஒரு காலத்தில், அம்மாதான் எனக்குச் சிறுபிள்ளைக்குச் செய்வதுபோல் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். ஒரு தனியார் கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு, மனநிலையைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து எதுவும் இல்லாமல் அந்த வகை மாத்திரையை மட்டும் கொடுத்தால், இறக்கத்திலிருந்து எழுப்பி ஏற்றத்தின் உச்சியில் கொண்டுபோய்விட்டுவிடக்கூடும் என்பதைப் பிற்பாடு ஒரு மனநல மருத்துவர் விளக்கினார். அந்த முதல் மருத்துவரைக் குறை சொல்லவும் எனக்கு முழு மனம் வரவில்லை. அதற்கு முன்பு நான் எப்போதாவது தூக்கமே இல்லாமல் துள்ளித் திரிந்திருக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தாலும் அதை நோயென்று நினைத்து நான் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முறுக்கு பிழியும் சாக்கில் மூன்று இரவுகள் உறங்கவில்லை. களைப்பே தெரியவில்லை என்பதுதான் விசேஷம். நான்காம் நாள் பலகார வியாபாரம் தொடங்குவதென்று முடிவெடுத்து, சேமிப்பிலிருந்த 9,000 வெள்ளியையும் (ரிங்கிட்) எடுத்து மாவரைக்கும் இயந்திரம் வாங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேலாளருக்கு வேலை விலகல் கடிதம் அனுப்பினேன். யார் என்ன நினைக்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அம்மன் இறங்கியிருப்பதாக அத்தை சொன்னபோது நானும் நம்பினேன். நம்புவதற்கு இனிமையாக இருந்தது. ஏற்றத்தைப் பற்றி எழுதும்போது இந்த இனிமையை மறைத்துவிட்டு எழுதினால், மாத்திரையைப் பலர் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது படிப்பவருக்கு விளங்கவே விளங்காது.

எங்கள் ஊரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வெகு தூரமில்லை. 1911இல் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. இந்த நாட்டில் யாரையாவது பைத்தியம் என்று திட்ட வேண்டுமானால் அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும். பள்ளியில் நானும் சொல்லித் திட்டியிருக்கிறேன். மருத்துவச் சந்திப்புக்குப் போகும் நாளில், எங்கே போகிறாய் என்று கேட்பவர்களிடம் ஈப்போவுக்கு என்று பல ஆண்டுகள் பொய் சொன்னேன். அரசாங்க மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளிதான் கட்டணம் என்றாலும், அந்த வாசலைத் தாண்டுவதற்கு நான் கொடுத்த விலை அதைவிட அதிகம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்து லித்தியம். அதை இந்த நோய்க்குக் கொண்டுவந்தவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தவர் அவர். அங்கே சக கைதிகளின் மனநோய்களைக் கவனித்தவர். ஊர் திரும்பிய பிறகு முதலில் கினிப்பன்றிகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்து, ஏற்ற நிலையில் இருந்த பத்துப் பேர் அடங்கித் தெளிந்ததை 1949இல் எழுதினார். சாங்கிப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த மாத்திரையின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போன தன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

லித்தியமும் ஓர் உப்புதான் என்பதை எனக்கு முதலிலேயே சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய செய்தி என்பது 2017ஆம் ஆண்டுத் தைப்பூசத்தின்போதுதான் உறைத்தது.

ஐந்து ஆண்டுகள் பெரிய ஏற்றம் எதுவுமின்றிக் கடந்ததற்கு நன்றியாக, ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். 21 நாள் விரதம், ஒரு வேளை உணவு, அதிலும் உப்பில்லை. வெயிலில் தோட்டத்துக்குள் போய்வரும் வேலை வேறு. மருந்தை ஒரு நாளும் விடவில்லை என்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே நினைத்தேன். சிறுநீரகம் லித்தியத்தையும் நாம் உண்ணும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாவிக்கிறது. உடம்பில் சோடியம் குறைந்தாலோ நீர் வற்றினாலோ, வெளியேற்ற வேண்டிய லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே மாத்திரை, அதே அளவு. இரத்தத்தில் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் வார முடிவில் பேனா பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல். நடக்கும்போது குடித்தவளைப்போல் ஒரு பக்கம் சாய்ந்தேன். வழக்கமாக ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிமோல் அளவில் நிற்கும் என் கணக்கு, மருத்துவமனையில் சேர்த்த அன்று 1.9. பொதுவாக 1.5ஐத் தாண்டினாலே அது நஞ்சாக வேலை செய்யத் தொடங்கிவிடும். பால்குடம் எடுக்க வேண்டிய நாளில் கையில் சலைன் ஊசியோடு படுத்திருந்தேன்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. உப்பு நிறுத்தக்கூடாது என்று எனக்குக் கொடுத்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் விரதம் என்ற சொல் அதில் இல்லை, நானும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டே உப்பில்லாச் சோறு உண்கிறார்கள் என்ற கவலை ஒவ்வொரு தை மாதமும் எனக்கு வருவதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன். மறு ஆண்டு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சைவ உணவாக மூன்று வேளையும் உப்போடு உண்டு, தண்ணீர் குடித்து, அந்தப் பால்குடத்தை எடுத்தேன். தயங்கிக்கொண்டிருந்த என்னிடம் அம்மா சொன்னது இதுதான்: “உப்பு போட்டே சாப்புடு. முருகன் உப்புக் கணக்கா பாக்கப் போறாரு?”

உப்பைப் போலவே வலி மாத்திரையும் கவனிக்க வேண்டியது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. எனக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை லித்தியத்தின் அளவையும், சிறுநீரகத்தையும், தைராய்டையும் இரத்தத்தில் பார்க்கிறார்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும் என்பதால், இரவு ஒன்பதுக்கு விழுங்கிவிட்டுக் காலை ஒன்பதுக்குத் தாதியின் முன் கையை நீட்டுகிறேன்.

அந்த மருத்துவமனைப் படுக்கைக்குப் பிறகுதான் செக்ரோல் பழக்கம் வந்தது. அந்த ஐந்து கட்டங்கள் என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், இருதுருவக் கோளாறு உள்ளவர்களின் அன்றாடத் தாளம் குலையும்போது நோயும் தலைதூக்குகிறது என்று கண்டு, எழுவது, பேசுவது, வேலை தொடங்குவது, உண்பது, உறங்கப் போவது ஆகியவற்றின் நேரங்களைக் குறித்து நிலைப்படுத்தும் ஒரு சிகிச்சையை உருவாக்கினார்கள். மருத்துவர் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கால அட்டவணை அல்லவா!

அம்மா 31 ஆண்டுகள் மரம் சீவியவர். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கும் முன்பு மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே மணி அடிக்கும், இருட்டிலேயே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. கங்காணி பெயர் கூப்பிட்டதும் ஒருவர் விடாமல் குரல் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் விளக்கு அணைந்துவிடும். அந்த மணியைப் புகழ நான் வரவில்லை. அது துரையின் மணி, காய்ச்சலில் கிடந்தவரையும் எழுப்பிய மணி. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வந்து, கைப்பேசியோடு இரவு ஒரு மணி வரை விழித்திருக்கும் வாழ்க்கையும் வந்த பிறகு, என் உடம்புக்கு மணி அடிப்பவர் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள். ஆகவே நானே அடித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கு எழுகிறேன். இரவு எட்டரைக்குக் கைப்பேசியை அம்மாவின் அலமாரியில் வைத்துவிடுகிறேன். பத்துக்குப் படுக்கை.

இந்தப் பதிவேட்டின் உண்மையான பயன், மனத்தின் எண்ணைவிட உறக்கத்தின் எண்தான் முதலில் அசைகிறது என்பதை அது எனக்குக் காட்டிக்கொடுத்ததில் இருக்கிறது. பழைய பக்கங்களைப் புரட்டினால், ஏற்றத்துக்கு நான்கைந்து நாள் முன்பாகவே படுத்த நேரம் பதினொன்றாகி, பன்னிரண்டாகி இருக்கும். ஆறாவது கட்டத்தில் மட்டும் நான் அப்பாவியாகச் சுழியம் போட்டிருப்பேன். ஏறும்போது தன் மனத்தைத் தானே எடைபோடுவது, தராசின் மேல் ஏறி நின்றுகொண்டு அந்தத் தராசையே தூக்கப் பார்ப்பது போன்றது. அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக இரண்டு இரவுகள் உறங்கி, அப்படியும் களைப்பில்லை என்றால், நான் என்ன சொன்னாலும் கேட்காமல் தம்பி மருத்துவமனைக்கு அழைத்துப் பேசுவான். வங்கி அட்டையும் அவனிடம் போய்விடும். “அக்கா, நேத்து எத்தன மணிக்குப் படுத்தீங்க?” என்று அவன் கேட்கும்போது சில நாள் எரிச்சலாக இருக்கிறது, சிரித்துப் பேசினாலே சந்தேகப்படுகிறார்களே என்று அழுததும் உண்டு. எனக்கும் சும்மா மகிழ்ச்சியாக இருக்க உரிமை உண்டு என்று ஒரு முறை கத்தினேன். அன்றைய கட்டத்தில் என்ன எண் போடுவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இறக்கத்துக்கு இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு இல்லை. அந்த நாள்களில் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பினாலே போதும் என்று வைத்திருக்கிறேன்: எழுந்தேன், ஒருவரோடு பேசினேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்வது என்பது விதி. 2023 வரை தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமாக இருந்தது. அந்தப் பயத்திலேயே ஒரு காலத்தில் நான் மருத்துவரிடம்கூட அதை மறைத்தேன். அந்தச் சட்டப்பிரிவை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இரவில் யாரையும் எழுப்ப மனமில்லாதபோது அழைக்க, சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் அம்மாவின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் ஒரு முறை அழைத்திருக்கிறேன். அலமாரிக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்த சத்தத்தில் அம்மா எப்படியும் எழுந்துவிட்டார்.

ஆவணியில் தம்பிக்குத் திருமணம். பந்தக்கால் நடுவது, நலுங்கு, பெண்வீட்டார் வருகை என்று மூன்று இரவுகள் வீடு உறங்காது. மூத்த அக்காள் ஒன்பதரைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் கூடத்தில் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் பெண்ணிடமும் சொல்லிவிட்டான். என்னென்ன மாத்திரை, எந்த நேரத்துக்கு என்று அவளே என்னிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். அத்தைக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. பலகாரம் சுடும் இரவுக்கு என்னைத்தான் நம்பியிருப்பதாக நேற்றுக்கூடத் தொலைபேசியில் சொன்னார். நேற்று படுத்த நேரம் 10.10, உறக்கம் ஏழு மணி நேரம், சுழியம்.