சோலார் மானியம் வந்துவிட்டது, ஆனால் பெயர் மாற்றத்துக்குப் பட்ட பாடு!

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டதற்கான 78,000 ரூபாய் மானியம் நேற்றுதான் என் கணக்கில் ஏறியது. பேனல் மாட்டும் வேலை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. மீதி மாதங்கள் எல்லாம் காகிதத்துக்காக அலைந்ததில்தான் போயின. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் சேர நினைப்பவர்களாவது இப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மானியக் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். ஆன்லைனில் பதிவது சுலபம்.

எங்களுக்குச் சிக்கல் இ.பி. அட்டையில் இருந்தது. இணைப்பு என் மாமனார் பெயரில். அவர் காலமாகி ரொம்ப காலம் ஆகிவிட்டது. பில் அவர் பெயரில் வரும், நாங்கள் கட்டுவோம், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் கணக்குக்குத்தான் மானியம் போகும். அதனால் முதல் வேலை பெயர் மாற்றம்.

வாரிசுச் சான்றிதழும் வீட்டு வரி ரசீதும் போதும் என்று இ.பி. ஆபீசில் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனால், "இது போதாதும்மா, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லைன்னு முத்திரைத்தாளில் எழுதித் தரணும்" என்றார் எழுத்தர். நாத்தனார் இருப்பது ஓசூரில். பாவம், அவர் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டுபோன அன்று அந்த எழுத்தர் விடுப்பு. அவர் இடத்தில் இருந்தவர் அசல் பத்திரம் வேண்டும் என்றார். பத்திரமோ வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருந்தது. என்னென்ன வேண்டும் என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள் என்று என் கணவர் கேட்டார். அதெல்லாம் எழுதித் தர முடியாதாம்.

நேராக உதவிப் பொறியாளர் அறைக்குப் போனேன். எல்லாக் காகிதத்தையும் மேசையில் வைத்து, "இதில் என்ன குறை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்றேன். புரட்டிப் பார்த்தவர் இதுவே போதும் என்று சொல்லிவிட்டார்! அப்புறம் பெயர் மாறத் தடை ஏதும் வரவில்லை. உங்களுக்கும் இழுத்தடித்தால் கவுன்ட்டரிலேயே நின்று சண்டை போடாதீர்கள், பொறியாளரைப் பாருங்கள். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றும்போது இனிஷியலையும் கவனியுங்கள். வங்கிக் கணக்கில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் முழுதாக இருக்கிறது. இ.பி. அட்டையில் முன்னால் ஒற்றை எழுத்தாகப் போடப் பார்த்தார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் மானியம் நின்றுவிடும் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்ததால், வங்கிப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே எழுத வைத்தேன்.

அடுத்து மின்பளு, அதாவது வீட்டு இணைப்புக்கு அனுமதித்திருக்கும் மின் அளவு. பழைய வீடு, 2 கிலோவாட்டுக்குத்தான் அனுமதி. டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று ஆய்வு செய்யாமல் 3 கிலோவாட் போட முடியாது, ஆய்வுக்கு ஆள் இல்லை என்றார்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி 10 கிலோவாட் வரைக்கும் அந்த ஆய்வே தேவையில்லை, தேவைப்படும் மின்பளு உயர்வையும் மின் விநியோக நிறுவனமே செய்து தர வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டினேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

சோலார் கம்பெனிக்காரர்களிடமும் ஜாக்கிரதை. இந்த மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் உள்ள பேனல்தான் செல்லும். டிசிஆர் பேனல் என்பார்கள். விலை கூடுதல். எங்களிடம் அதற்கான விலையைப் பேசிவிட்டு வேறு பேனலை வண்டியில் ஏற்றி வந்தார்கள். சான்றிதழைக் காட்டினால்தான் மாடிக்கு ஏற்றலாம் என்று நின்றதும், மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துப் போனார்கள். பேனலின் வரிசை எண்களை நீங்களும் குறித்து வையுங்கள். 5 வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு, ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே வரும் கரண்டையும் நாம் வெளியே அனுப்பும் கரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடும் இருவழி மீட்டர் ஸ்டாக் இல்லை என்று அதற்கும் காத்திருந்தோம். அதுவரை சும்மா ஆன் பண்ணிக்கோங்க என்றார் எலக்ட்ரீஷியன். பண்ணாதீர்கள். அதற்கு அனுமதி கிடையாது. தவிர, பழைய மீட்டர்களில் சில, நாம் வெளியே அனுப்பும் கரண்டையும் நாம் செலவழித்ததாகக் கூட்டிவிடும். இன்னொன்று, பேட்டரி இல்லாத இந்த வகை இணைப்பில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விற்க வருபவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இத்தனைக்கும் பிறகு இது வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும் என்பேன். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை வருகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருவதால், யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எங்கள் மாடி ஒன்றே வருடத்துக்கு இரண்டரை டன்னுக்கு மேல் மிச்சம் பிடிக்கும். 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். 1 கோடி வீடுகளுக்கு என்று 75,021 கோடி ரூபாயும் ஒதுக்கியிருக்கிறார்கள். 2022-க்குள் 40,000 மெகாவாட் கூரை சோலார் என்ற முந்தைய இலக்கு என்ன ஆயிற்று? பக்கத்தில்கூட வரவில்லை. இந்தத் திட்டமும் காகித அலைச்சலில் அப்படி ஆகிவிடக்கூடாது. காலமான பெரியவர்கள் பெயரில் இன்னும் இணைப்பு இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ. பெயர் மாற்றத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொரு இ.பி. ஆபீஸ் வாசலிலும் ஒரு பலகை வைத்தால்கூடப் பாதி அலைச்சல் மிச்சமாகும். நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு இதைக் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை கொடுக்கிறேன்.