கடலேறும் முன்பே ‘கண்டுபிடித்துவிட்ட’ கொலம்பஸ்

பழைய ஸ்பானிய ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் வேலை. இப்போது கையில் இருப்பது சாந்தா ஃபே ஒப்பந்தம். கிரனாடாவுக்குப் பக்கத்தில் இருந்த அரச பாளையத்தில், 1492 ஏப்ரல் 17 அன்று ஸ்பெயினின் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் கொலம்பஸுக்கு எழுதிக்கொடுத்தது. பதவிகள், கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு எல்லாம் இதில்தான் வருகின்றன.

ஆனால் தொடக்க வரியைத் தாண்டுவதே பெரும்பாடு. இவற்றை அவருக்கு எதற்காகத் தருகிறார்கள்? ‘லோ கே ஆ தெஸ்குபியேர்த்தோ’, அதாவது பெருங்கடல்களில் அவர் ‘கண்டுபிடித்திருப்பதற்கு’ ஓரளவு ஈடாக. அவருடைய கப்பல்கள் பாலோஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதே ஆகஸ்ட் 3-இல்தான். கரையைக் கண்டது அக்டோபர் 12.

பார்சிலோனாவில் உள்ள அரகோன் அரச ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டுப் பிரதியில் இப்படித்தான் இருக்கிறது. பின்னாளில் இதைத் தன் வரலாற்று நூலில் எடுத்தெழுதிய பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ், ‘ஆ தே தெஸ்குப்ரீர்’ என்று போட்டார். ‘கண்டுபிடிக்க இருப்பது’. நடுவில் ஒரு ‘தே’, வினையின் முடிவில் ஒரு மாற்றம், சிக்கல் தீர்ந்தது!

பயணம் முடிந்தபின் பிரதி எடுத்த எழுத்தர் காலத்தை மாற்றிவிட்டார் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. அதே வாக்கியம், ‘கடவுள் துணையோடு இப்போது அவர் செய்யவிருக்கும் பயணத்துக்கும்’ என்று தொடர்கிறது. ஒன்றை மாற்றியவர் பக்கத்திலேயே இருந்த மற்றதை ஏன் விட்டுவைத்தார்? அப்புறம், கொலம்பஸுக்கு முன்பே ஏதோ தகவல் கிடைத்திருந்தது என்று இந்த வரியைப் பிடித்துக்கொண்டு வாதாடிய வரலாற்றாசிரியர் ஹுவான் மன்சானோ போன்றவர்களும் உண்டு. அந்த அளவுக்குப் போக இந்த ஒரு வரி போதாது என்பது என் எண்ணம்.

சரி, ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? எதிர்காலத்தில் போட்டால் வாசிப்பவருக்கு உறுத்தாது. ஆனால் ஐந்நூறு வருடமாக ஆட்கள் மல்லுக்கட்டும் இடம் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். ஆவணத்தைத் திருத்தும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது. ‘ஹேஸ் டிஸ்கவர்டு’ என்றே போட்டேன். லாஸ் காசாஸ் எழுதிய வடிவம் அடிக்குறிப்பில்.